ஐந்து பங்கும் ஒரு மோட்டாரின் மரண அறிவித்தலும்

செப். 8, திங்கள்

சோளகக் காற்று அடித்து ஓயவில்லை. பல்லுக்குள்ளும் புழுதி.

மரண அறிவித்தல். கொக்குவில் கிணற்றடியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட நீராளர் இறைத்தம்பி (மோட்டார் அப்பு) இன்று காலை காலமானார். அன்னார் காலஞ்சென்றவர்களான துலாப்பிள்ளை – வாளியம்மை தம்பதியரின் அன்பு மகனும், குழாய்நாயகியின் பாசமிகு கணவரும் ஆவார். இத்தகவலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

அதாவது, தண்ணி மோட்டார் நின்றுவிட்டது. தோட்டத்தில் பாதிதான் இறைத்து முடிந்தது. அப்பா மிளகாய்க் கன்றுகளைப் பார்த்தபடி நிற்கிறார்.

மோட்டாரின் உத்தரவாத அட்டையைத் தேடி அலுமாரிக்கு மேல் இருந்த றங்குப்பெட்டியைக் கிளறினேன். கிடைத்தவை:
– பழைய சாதகம் 3
– பாச்சான் பூச்சி 2 (ஒன்று உயிரோடு)
– உத்தரவாத அட்டை, இல்லை
– தடித்த கடதாசி ஒன்று. 'கொண்டல் பத்திரிகைக் கம்பனி. பங்குச் சான்றிதழ். ஐந்து பங்குகள்.' உரியவர் பெயர், என் அப்பப்பா.

கொண்டல். தினமும் காலையில் வாசலில் வந்து விழுகிற அதே கொண்டல். அப்பப்பா இப்போது உயிரோடு இல்லை. எனவே நான் ஒரு பத்திரிகை முதலாளி. அப்பாவுக்குச் சொல்லவில்லை, மோட்டார்த் துக்கத்தில் இருக்கிறார்.

செப். 9, செவ்வாய்

ரியூசன். முதலாளி நடை நடந்தேன். சுகந்தன் (இனிமேல் சு.) கண்டுபிடித்துவிட்டான்.

"என்ன மச்சான், காலில முள்ளுக் குத்தினதே?"

"பத்திரிகை முதலாளியோடை மரியாதையாக் கதை."

சான்றிதழின் போன் படத்தைக் காட்டினேன். எல்லோரும் கூடினார்கள். வாக்குறுதிகள் கொடுத்தேன்: எங்கள் கிரிக்கெற் அணிக்கு முன்பக்கம், கணக்குப் படிப்பிக்கிற சேரின் படத்துக்குக் 'காணவில்லை' பகுதி. திரும்பும்போது சு. என் பையைத் தூக்கினான், சைக்கிள் பாரில் என்னை ஏற்றி மிதித்தான். முதலாளிமார் மிதிப்பதில்லை.

சந்தி வந்ததும் நிற்பாட்டினான்.

"அப்ப முதலாளி, ஒரு உதவி. கொண்டலை விக்கப் போகினமாம். வாங்கிற ஆள் இஞ்சத்தைய கந்தோரை மூடிப்போட்டுக் கொழும்பில இருந்து நடத்துவாராம். அம்மாவுக்கு வேலை போயிடும்."

சு.வின் அம்மா மல்லிகா அன்ரி. கொண்டலில் மரண அறிவித்தல் எடுக்கிற மேசை அவருடையது. அவனுக்கு அப்பா இல்லை. அந்த மேசையில்தான் அவர்கள் வீட்டு உலை.

"விடமாட்டன்" என்றேன். சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது.

செப். 10, புதன்

காற்று, வெயில், இரண்டும். சான்றிதழைக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு கொண்டல் கந்தோர். மை மணமும் மீன்பொரியல் மணமும் (அன்ரியின் மதியச் சாப்பாடு).

அன்ரியிடம் கேட்டு அறிந்த வரலாறு. சாவகச்சேரிச் சுருட்டு வியாபாரி ஒருவரும் கொக்குவில் வாத்தியார் ஒருவரும் தொடங்கிய கம்பனி. இருவருக்கும் சமமான பெரும்பங்கு, மிச்சத்தை ஊர்ச் சனத்துக்குச் சிறு சிறு பங்காகப் பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது சுருட்டுக் குடும்பம் 'வில்' என்கிறது. வாத்தியார் குடும்பம் 'விடேன்' என்கிறது. ஊர்ச் சனம் யார் யாரென்று எழுதின புத்தகம் சண்டைக்கால இடப்பெயர்வில் போய்விட்டது. ட்ரக்டரில் ஏற்றினது தெரியும், இறக்கினது யாருக்கும் தெரியாது. ஞாயிறு கூட்டம். சான்றிதழைக் கையில் கொண்டு வருகிறவருக்குத்தான் வாக்கு. இதுவரை வந்தவர்களும் இரண்டு பக்கமும் சரிசமன்.

அதாவது, முடிவு என் ஐந்து பங்கின் கையில்!

இன்னொன்றும் சொன்னார். வேறு ஆட்கள் மரண அறிவித்தல் கொடுக்க வந்தால் கிராம சேவையாளரின் கடிதம் வேண்டும். பங்குதாரர் வீட்டுக்கு வேண்டாம். சான்றிதழைக் காட்டினால் போதும், காசும் இல்லை. அறிவித்தலுக்குக் கீழே சின்னதாக ஒரு ஓலைக் குறி போடுவார்கள்.

"ஏன் அன்ரி கடிதம் கேக்கிறேல்லை?"

"பங்குக்காரர் சாவில பொய் சொல்லுவினமே? தொடங்கின நாளில இருந்து அப்பிடித்தான்."

இதற்குப் பிறகு நடந்ததற்கு என் கைதான் பொறுப்பு. திங்கட்கிழமை அறிவித்தலை ஒரு தாளில் பார்த்தெழுதி நீட்டினேன், சான்றிதழோடு.

அன்ரி கண்ணாடியைப் போட்டார். நேற்று மட்டும் பதினாறு அறிவித்தல் அடித்த கண். துலாப்பிள்ளையும் வாளியம்மையும் அதற்குள் தடக்காமல் போய்விட்டார்கள்.

"ஆர் தம்பி, கிட்டின சொந்தமோ?"

"ஓம் அன்ரி. ஒவ்வொரு நாளும் காணிற ஆள்."

"பாவம். என்ன வயசு?"

"பதி... எழுபத்தொண்டு."

எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நல்ல மூலையாகப் பார்த்துப் போடுகிறேன் என்றார். தேத்தண்ணியில் சீனி கூட. குடித்தேன்.

செப். 11, வியாழன்

ஒன்றும் இல்லை. மோட்டார் திருத்துகிற ஆள் வரவில்லை. வாளியால் அள்ளி இரண்டு கையும் கொப்பளம். முதலாளிமாரின் கைகள் இப்படி இருக்கக்கூடாது.

செப். 12, வெள்ளி

வந்துவிட்டது. மூன்றாம் பக்கம், வலது மூலை, ஓலைக் குறியோடு. அப்பா எப்போதும் அந்தப் பக்கத்தில்தான் பத்திரிகையைத் தொடங்குவார்.

"ஆரப்பா இந்த மோட்டார் அப்பு? கொக்குவிலில எனக்குத் தெரியாமல் ஒராள் செத்திருக்கு."

அம்மா: "குழாய்நாயகி எண்டு ஒருத்தி என்னோடை படிச்சவள்."

சந்திக் கடையில் ஒருவர் மோட்டார் அப்புவோடு ஒன்றாக வேலை செய்தவராம், கைராசியான மனுசனாம். இன்னொருவர் அப்புவுக்கு ஒரு காணிப் பிரச்சினை இருந்தது என்றார். வாழ்க்கையில் இவ்வளவு சிரித்ததில்லை. சிரிப்பை விழுங்கி விக்கல் வந்து, சோடா வாங்கிக் குடித்தேன். சு.வுக்கும் சொல்லவில்லை. பெரிய வேலை செய்கிறவன் தனியாகத்தான் செய்வான்.

செப். 13, சனி

எழுத விருப்பமில்லை. எழுதுகிறேன்.

சு. காலையிலேயே வந்தான். சைக்கிளில் இருந்து இறங்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் பருத்தித்துறையில் இருந்து ஒரு வயதானவர் பஸ் ஏறிக் கந்தோருக்கு வந்திருக்கிறார். கையில் மாலை. முன்பு கொக்குவிலில் வாகனம் திருத்துகிற ஒரு கராச்சில் தன்னோடு வேலை செய்த ஒருவரையும் மோட்டார் அப்பு என்றுதான் கூப்பிடுவார்களாம், சொந்தப் பெயர் மறந்துபோச்சாம். "செத்த வீடு எந்த ஒழுங்கை பிள்ளை?" என்று கேட்டாராம். கந்தோரில் இருந்து பெடியன் ஒருவன் அவரைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்திருக்கிறான். செத்த வீடே இல்லை. பிறகுதான் மனேச்சர் அறிவித்தலை ஒவ்வொரு சொல்லாக வாசித்தாராம்.

"சுருட்டுக் குடும்பத்துக்கு வாய்ச்சுப் போச்சு. 'மோட்டருக்கு மரண அறிவித்தல் போடுற கந்தோரை வைச்சிருந்து என்ன செய்யிறது, வில்லுங்கோ' எண்டு நாளைக்குக் கூட்டத்தில கேக்கப் போகினமாம்."

"அம்மா என்ன சொன்னவ?"

"ஆர் தந்ததெண்டு மனேச்சர் கேட்டவர். பங்குக்காரர் வீட்டுப் பிள்ளை, அந்த வீட்டுக்காரர் பொய் சொல்லாயினம், ஏதோ மாறுபட்டுப் போச்சு எண்டு அம்மா சொன்னவ. பேர் சொல்லேல்லை." சு. என்னைப் பார்த்தான். "வாளியம்மை. உன்ரை எழுத்து எனக்குத் தெரியாதே?"

பிறகு போய்விட்டான். மாலையை அந்த மனிதர் என்ன செய்தார் என்று கேட்க மறந்துவிட்டேன்.

செப். 14, ஞாயிறு

காற்று குறைவு.

9 மணிக்குக் கந்தோர். கூட்டம் 10க்கு. சான்றிதழையும் கொண்டுபோனேன். அன்ரி மேசையில் இருந்தார். மனேச்சர் பக்கத்தில். சு. கதிரை அடுக்கிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன், எல்லாவற்றையும். திங்கள், றங்குப்பெட்டி, மோட்டார், எழுபத்தொன்று.

அன்ரி ஏசவில்லை. அது இன்னும் மோசம்.

"நான் உனக்குத் தேத்தண்ணி தந்தனான்" என்று மட்டும் சொன்னார்.

சான்றிதழை மேசையில் வைத்தேன். இந்த ஐந்து பங்கையும் வாத்தியார் பக்கம் போடுங்கோ என்றேன், தாராளமாக, முதலாளி மாதிரி. கடைசி முறை.

மனேச்சர் எடுத்துப் பார்த்தார். திருப்பினார்.

"தம்பி, பின்பக்கம் வாசிச்சனீரோ?"

ஆறு நாளாக வைத்திருக்கிறேன். பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

பின்பக்கத்தில் அப்பப்பாவின் எழுத்தில் இப்படி: 'பங்கு ஐந்தையும், கொண்டலில் அச்சு எழுத்துக் கோக்கும் சின்னத்துரைக்கு மனமுவந்து மாற்றிக் கொடுக்கிறேன். ஊரடங்கு நேரம் என் அண்ணையின் மரண அறிவித்தலை அவர் தனியாக நின்று அடித்து, சைக்கிளில் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதனால்தான் சொந்தக்காரர் சுடலைக்கு வந்து சேர்ந்தார்கள்.' கீழே இரண்டு சாட்சி, சின்னத்துரையின் கையெழுத்தும். புத்தகத்தில் பதிய முன்னம் இடப்பெயர்வு வந்து, சான்றிதழ் எங்கள் பெட்டியிலேயே தங்கியிருக்க வேண்டும்.

மனேச்சர் வாசித்து முடித்தபோது அன்ரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்பாவின்ரை 'சி' இப்பிடித்தான் வளையும்" என்றார்.

சின்னத்துரை மல்லிகா அன்ரியின் அப்பா. சு.வின் அம்மப்பா. நான் யாருடைய சைக்கிள் பாரில் முதலாளியாகப் போனேன் என்று யோசித்தேன். சு.வும் யோசித்திருக்க வேண்டும், கதிரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். நேற்றுக்குப் பிறகு முதல் தடவை.

அன்ரி சான்றிதழோடு உள்ளே போனார். நான் வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில். ஒரே சத்தம். பதியாத மாற்றம் செல்லாது என்று சுருட்டுப் பக்கம், கையெழுத்து இருக்கு, செல்லும் என்று வாத்தியார் பக்கம். கடைசியில் சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுத்தான் வாக்கெடுப்பு என்று முடிவாம். இன்றைக்கு விற்கவில்லை. நாளைக்கு அன்ரி வேலைக்குப் போவார். அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாது.

அன்ரி வெளியே வந்து ஒரு கடதாசி தந்தார். "பிழை திருத்தத்தை நீயே எழுது. பகிடி ஒண்டும் வேண்டாம். பருத்தித்துறை ஐயாவுக்கு வேறயா ஒரு கடிதம். விலாசம் வாங்கி வைச்சிருக்கிறன்."

அறிவித்தல் எழுத மூன்று நிமிடம். திருத்தம் எழுத நாலு கடதாசி. ஐயாவின் கடிதத்தில் 'மதிப்புக்குரிய' வரை வந்திருக்கிறேன்.

திங்களில் இருந்து இந்தக் கொப்பியில் 'முதலாளி' என்று எழுதின இடமெல்லாம் வெட்டிக்கொண்டிருக்கிறேன். கொண்டலில் எனக்குச் சொந்தமானது மூன்றாம் பக்க வலது மூலை ஒன்றுதான். அதுவும் பொய். மோட்டார் திருத்துகிற ஆள் பின்னேரம் வந்தார், கப்பாசிற்றர் என்ற சின்னச் சாமான் மட்டும்தான் போனதாம். மோட்டார் அப்பு கிணற்றடியில் ஓடிக்கொண்டிருக்கிறார்.