அலமாரியில் என் பாதி

அன்புள்ள சில்வண்டுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. கைக்கு அது பழகிப்போய்விட்டது, அதனால் அதை அடிக்காமல் விட்டுவைக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அதையாவது நம்ப விடு. ஃபோனில் சொல்வதை விட்டுவிட்டு இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். ஃபோன் எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றியே பேச எனக்கு வாய் வரவில்லை. இப்போது மதியச் சாப்பாடு முடிந்து தூங்குகிறாள், நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மேஜையின் ஒரு கால் குட்டை என்பதை நினைத்துக்கொள்.

விஷயம் அலமாரியில் தொடங்கியது. போன தடவை அம்மாவின் மறதிக்காக டாக்டரிடம் போனபோது அவள் சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் இன்னொன்று, எல்லாவற்றுக்கும் மேல் உன் காலேஜ் ஸ்வெட்டர் என்று ஒரு முட்டைக்கோஸ் மாதிரி வந்திருந்தாள், அதுவும் இந்த வெயிலில். டாக்டர் நல்ல பையன், சிரிக்காமல், அலமாரி நிறையத் துணி இருந்தால் எதை எடுப்பது என்று அவங்களுக்குக் குழப்பம், பாதிக்கு மேல் குறைத்துவிடுங்கள், மிச்சத்தைக் கண்ணில் படுகிற மாதிரி அடுக்கிவையுங்கள் என்றார். அடுக்குவது என்ற வார்த்தையைக் கேட்டதும் உன் அப்பனுடைய மார்பு எத்தனை அங்குலம் விரிந்தது என்று நீ பார்த்திருக்க வேண்டும். ரெடிமேட் கடையில் சட்டைப் பிரிவிலேயே தலை நரைத்தவன், பல்லு விளக்குவதைவிட அதிகமாகச் சட்டை மடித்தவன். உடல்நிலையைப் பற்றி டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குப் புரியாத பாஷை, இது ஒன்றுதான் என் பாஷையில் சொன்னார்.

உன் சித்திக்கு யார் சொன்னார்களோ, மறுநாள் காலையில் வாசலில் நிற்கிறாள், கையில் மூன்று பெரிய பை. வைத்துக்கொள்வது, கொடுத்துவிடுவது, தூக்கிப் போடுவது என்று ஃபோனில் யாரோ ஒரு பெண் வீடியோவில் சொல்லிக்கொடுத்தாளாம். அந்தப் பெண்ணுடைய வீட்டு அலமாரியில் மொத்தமே நாலு துணிதான் தொங்குகிறது, துவைத்தால் எதைக் கட்டிக்கொள்வாள் என்று கேட்டேன், சித்தி பைகளை உதறி விரித்தாள். நான் கடைக்கு அரைநாள் போகும் நேரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள், அதனால் அவளிடம் அதிகம் வாயாடுவதில்லை, இருந்தாலும் உன்னிடம் சொல்கிறேன், கொடுத்துவிடும் பையில் விழுந்த பச்சைச் சால்வை இப்போது அவள் தோளில்தான் இருக்கிறது. அலமாரியைத் திறந்தால் கவருக்குள் கவர், அதற்குள் இன்னொரு கவர், ஜோடி தொலைத்த காலுறைகள், கைப்பைக்குள் ஒரு கைப்பை, துண்டுகளுக்கு நடுவே டீ வடிகட்டி, நாம் தேடித்தேடி அலுத்த டிவி ரிமோட் என் மழைக்கோட்டுப் பாக்கெட்டில். அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஏதோ சினிமா பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய நைட்டி ஒன்றைச் சித்தி கிழிசல் என்று எறியப் போனபோது மட்டும் எழுந்து வந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதை விட்டுவிட்டோம்.

அவளுடைய பாதி சீக்கிரம் முடிந்துவிட்டது. இன்றைக்கு இது, நாளைக்கு இது என்று மேலிருந்து கீழாக ஒவ்வொரு ஜோடி. என் பாதிக்கு வந்தபோதுதான் எனக்குப் பேய் பிடித்தது. என் சட்டைகளை அப்படியே விட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. நான் கடையிலிருந்து அட்டையும் காலருக்குள் வைக்கும் வளையமும் குண்டூசியும் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டு, புதுச் சட்டை மாதிரி மடித்து, காலர் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரும்படி, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு அடுக்கினேன். முழங்கை தேய்ந்த சட்டைகூட ஷோகேஸில் இருக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தது. மாடி வீட்டு அக்கவுண்டண்டைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் அடுத்தவன் வீட்டில் எதைப் பார்த்தாலும் வயிறு எரிகிறவர், அவரே குனிந்து காலர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அதற்குப் பிறகு அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து நிறுத்தினேன், பாராட்டு வாங்குவதற்காக.

அவள் ஒரு சட்டையின் காலரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து ரொம்ப மரியாதையாக, "நல்லா நேர்த்தியா அடுக்கியிருக்கீங்கண்ணே, ஆனா இவ்வளவும் இங்க எதுக்குக் கொண்டுவந்தீங்க, அவர் வரட்டும், பிடிச்சத அவரே எடுத்துக்குவாரு" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து என்னங்க என்று கூப்பிட்ட வாய், அண்ணே என்கிறது. சித்தி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை, உள்ளே எல்லாம் இடிந்து விழுந்துகொண்டிருக்கிறது, வாய் மட்டும் கடையில் நிற்கிற வாய் மாதிரித் தானாகத் திறந்து, சாருக்கு என்ன சைஸ் மேடம் என்று கேட்டுவிட்டது. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நாப்பத்திரண்டு. ஆனா நாப்பதுன்னுதான் சொல்லுவாரு, வயிறு இல்லேன்னு அவருக்கு நெனப்பு. அவரும் உங்கள மாதிரி துணிக்கடைலதான் வேலை, நின்னு நின்னு சாயங்காலம் காலு ரெண்டும் வீங்கிரும். உக்காருங்கன்னா கேக்கமாட்டாரு. நீங்களாவது உக்காருங்க." உட்கார்ந்தேன். அவளாகவே தொடர்ந்து சொன்னாள், எல்லாத்தையும் சிரிப்பாக்கிருவாரு, அழணும்னாக்கூட பாத்ரூம்ல தண்ணியத் திறந்துவிட்டுட்டுத்தான் அழுவாரு, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு என்று. குழாய்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்றுதான் நானும் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், சில்வண்டு. என்னைப் பற்றி இவ்வளவும் தெரிந்தவளுக்கு என்னைத் தெரியவில்லை.

நான் மடித்த மடிப்புதான் காரணம் என்று எனக்கு ஒரு பிடிவாதம். வீட்டுச் சட்டையைக் கடைச் சட்டையாக்கினேன், அதனால் நான் கடைக்காரனாகிவிட்டேன், மறுபடியும் குலைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது அட்டையை எல்லாம் உருவி, சட்டைகளைக் கசக்கி, கால்சட்டைகளோடு சேர்த்துப் பழையபடி பந்தாக உள்ளே திணித்தேன். வாழ்நாளில் ஒரு துணியை நான் வேண்டுமென்று கசக்கியது அன்றைக்குத்தான். அவள் வந்து திறந்து பார்த்துவிட்டு, என்னண்ணே அடுத்தவங்க வீட்டு அலமாரியில இப்படியா பண்ணுவீங்க என்று கடிந்துகொண்டாள். திட்டினாள் என்றுகூட இல்லை, வெளி ஆளிடம் எவ்வளவு கோபம் காட்டலாமோ அவ்வளவுதான். என்னைத் திட்டும்போது அவள் குரல் எப்படி ஏறும் என்று உனக்குத் தெரியும், அந்தக் குரலுக்காக நான் காத்துக்கொண்டு நின்றேன், வரவில்லை.

அதற்குப் பிறகு வேலை முழுவதும் அவளுடையது. என் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, என்னைவிட மோசமாக மடித்து, சித்தியின் பைகளிலேயே போட்டு, வாசல் கதவுப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள், போகும்போது மறக்காமல் எடுத்துப் போங்கள், கடையில் கேட்பார்கள் இல்லையா என்று. அலமாரியில் என் பக்கத்துத் தட்டுகளை ஈரத்துணியால் துடைத்தாள், பேப்பர் விரித்தாள், ஓரத்தை மடித்து விட்டாள். உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து அவள் ஒரு வேலையைத் தொடங்கி அதையே முடித்து நான் பார்த்ததில்லை. அவர் வந்தா வைக்க இடம் வேணுமே என்றாள். அந்தப் பாதி அலமாரி இப்போது காலியாக இருக்கிறது. வீட்டிலேயே சுத்தமான இடம் அதுதான். தினமும் ஒரு தடவை திறந்து பார்த்து மூடுகிறாள். என் சட்டைகள் உன் கட்டிலில் கிடக்கின்றன, நான் ஹால் சோபாவில் படுக்கிறேன். வெளி ஆள் இருக்கும் வீட்டில் அவள் படுக்கையறைக் கதவைத் தாழ் போட ஆரம்பித்தாள், அது ஆபத்து என்று தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றினேன், அவர் எதற்கு என்று கேட்டார், சத்தம் போடுகிறது என்றேன். தினமும் எண்ணெய் போட்டால் போகுமே என்று ஒரு பாட்டில் எண்ணெயும் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு விஷயம் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பாய், அந்த ஆளின் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வரப்போகிற அந்த ஆள். அவனுக்கு இடம் ஒழித்து வைத்துக் காத்திருக்கிறாள், அவன் பேச்சு எடுத்தால் கன்னம் சிவக்கிறது, நான் டீ போட்டுக் கொடுத்தால் நன்றிண்ணே என்கிறாள். சாயங்காலம் நான் கடையிலிருந்து வருகிற பழைய நேரத்துக்கு வெளியே போய்த் தெருமுனை வரை நடந்து, சாவியைக் கிலுக்கிக்கொண்டு உள்ளே வந்து பார்த்தேன். செருப்பைக்கூட வழக்கம்போல ஒன்று அங்கே ஒன்று இங்கே என்று கழற்றிப் போட்டேன். ஓடிவந்தாள், பார்த்தாள், நீங்களாண்ணே என்றாள். அந்த நீங்களா என்பதில் அவள் முகம் விழுந்ததைப் பார்த்தபிறகு அந்த நாடகத்தை நிறுத்திவிட்டேன், அவளை ஏமாற்றுவதற்கு எனக்கு என்ன உரிமை. டாக்டரிடம் தனியாகக் கேட்டேன், என் நினைவு அவளுக்குத் திரும்பி வருமா என்று. சில நாள் காலையில் சட்டென்று வரலாம், வராமலும் போகலாம், எதிர்த்துப் பேசாதீர்கள், போகிற போக்கில் போங்கள் என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கு வராது என்று தோன்றுகிறது. எதையும் சிரிப்பாக்கிவிடுகிற உன் அப்பனுக்கு இதை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் சிரிப்பு வரவில்லை.

நீ அடுத்த மாதம் வருகிறாய் என்பதில்தான் இந்த வீடு நிற்கிறது. உன்னை அவளுக்கு நன்றாகத் தெரியும், பயப்படாதே, கடைக்கார அண்ணனிடம் உன்னைப் பற்றித்தான் வாய் ஓயாமல் பேசுகிறாள், நீ கணக்கில் எத்தனை மார்க் வாங்கினாய் என்பது வரைக்கும். வாசலில் நின்று அழாதே, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வா. அவளுக்கு எதுவும் வாங்கி வராதே, அலமாரியில் இடம் இல்லை, இருக்கிற இடம் வேறொருவருக்கு. மாப்பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள், அவரைத் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிடு, சலிக்காமல் கூப்பிடு. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் அடையாளம் தெரிந்து நீண்ட காலம் வாழவேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

மறக்காமல் இதை மட்டும் செய். போன வாரம் சித்தி வாய்தவறி என்னை அத்தான் என்று கூப்பிட்டுவிட்டாள். அம்மா நடுங்கிப்போனாள். அலமாரியின் மேல் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு, "இவரை ஏன் அப்படிக் கூப்பிடற, அவரு இல்லாத வீட்டுல என்ன நடக்குது" என்று விடாமல் அழுதாள். சித்தி இப்போது என்னை சார் என்கிறாள். அதனால் நீயும் வீட்டுக்குள் வந்து அம்மாவுக்கு எதிரில் என்னை அப்பா என்று கூப்பிட்டுவிடாதே. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். பஸ் வேண்டாம், நடந்தே போகலாம், பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன். வழியெல்லாம் எத்தனை தடவை கூப்பிட வேண்டுமோ அத்தனை தடவையும் கூப்பிட்டுத் தீர்த்துக்கொள். நம் வீட்டுப் படியில் கால் வைக்கும்போது நிறுத்தினால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா