காப்புக் கட்டுவதற்கு முன்

இல்லை அக்கா, ஐப்பசியில் இல்லை. இந்த வருடம் ஊசி போடும் நாளைப் புரட்டாசியிலேயே வைத்துவிட்டேன்.

காலையில் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்ததும் உங்கள் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. மாரியம்மன் விரதத்துக்குக் கட்டிய புது மஞ்சள் கயிறு. அதன் ஈரம் யூனிஃபார்ம் கையில் மஞ்சளாக ஊறியிருந்தது.

அப்போது நான் வேலைக்குப் புதிது. ஊழியர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போடும் பொறுப்பு என்னுடையது. மருந்து வந்த நாளைப் பார்த்துத் தேதி குறித்தேன். பெயர்ப் பட்டியலை டீ குடிக்கும் அறையில், நாள்காட்டியின் மேலேயே ஒட்டினேன். அடியில் மறைந்த தாளில், திருவிழா தொடங்கும் பூச்சாட்டு நாளை யாரோ சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்கள். ஆத்தூரிலிருந்து வந்தவள் நான். ராசிபுரத்துத் திருவிழா எனக்குத் தெரியாது.

வார்டைத் துடைத்துக்கொண்டிருந்த நீங்கள்தான் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னீர்கள்:

“காப்புக் கட்டியாச்சுங்க சிஸ்டர். ஒடம்புல ஊசி படக்கூடாது.”

“சாமி கோவிச்சுக்குமா அக்கா?”

“அது எதுக்குங்க கோவிக்குது? நாந்தான் சொன்ன சொல்லு மாறுனவளாயிருவேன். காப்பு அவுக்கட்டும், மொத ஆளா வாரேன். அதுக்குள்ள உங்க மருந்து புளிச்சா போயிரும்?”

சிரித்தோம். உங்கள் பெயருக்கு எதிரே ‘மறுத்தார்’ என்று எழுதினேன். நீங்கள் மறுக்கவில்லை. வேறு நாள் கேட்டீர்கள். பட்டியலில் அதற்கு இடமில்லை.

காப்பு அவிழும் முன்பே காய்ச்சல் வார்டு நிரம்பியது. சர்க்கரை இருந்தும் லீவு கேட்காமல் துடைத்தீர்கள். பிறகு நீங்களே அங்கே ஒரு கட்டிலில். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து, “வாரேன்னு சொன்னனே சாமி” என்றீர்கள். கயிறு அப்போதும் கையில் இருந்தது.

அன்றே போட்டிருந்தாலும் மருந்து பிடிக்க இரண்டு வாரம் ஆகும். காப்பாற்றியிருக்குமா? தெரியாது. முன்கூட்டியே கேட்டிருக்கலாம் என்பது மட்டும் தெரியும்.

இந்த முறை முதலில் உங்கள் தங்கை செல்வியிடம் போனேன். உங்கள் வார்டை இப்போது அவர்தான் துடைக்கிறார். ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். அவர் வராவிட்டால் மற்றவர்களும் வரமாட்டார்கள்.

“பூச்சாட்டு எப்போங்க?”

என்னையே பார்த்தார்.

“இத அக்கா இருக்கறப்பக் கேட்டிருக்கோணுமுங்க.”

பிறகு நாளைச் சொன்னார். அதிலிருந்து மூன்று வாரம் பின்னோக்கி எண்ணினேன்.

இன்று கதவுக்கு வெளியே வரிசை.

“மெல்லக் குத்தச் சொல்லுங்கடி. இந்தக் கையிலதான் தீச்சட்டி எடுக்கோணும்.”

“தீயி சுடாதாமா, ஊசி சுடுமாமா இவளுக்கு!”

முதல் ஆளாகச் செல்வி நின்றிருந்தார். கையை நீட்டினார். கயிறில்லாத மணிக்கட்டு.

பஞ்சால் துடைத்தேன். ஊசி போட்டேன். பட்டியலில் ‘மறுத்தார்’ என்ற கட்டத்தின் தலைப்பை அடித்துவிட்டு, ‘எப்போது வருவார்’ என்று எழுதினேன்.