எந்தக் கேபிளிலும் தொங்காத முகவரி

மார்ச் 3, திங்கள்

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். காலையில் ஆபீசுக்கும் கிடங்குக்கும் நடுவில் நெட்வொர்க் அறுந்தது. ஒரு கேபிள் கழன்றுவிட்டது, இன்னொன்று நன்றாகவே இருந்தது. ஆனாலும் எல்லாம் நின்றது. முந்நூறு லாரி வரிசையில். (சரி, ஏழு.)

நெட்வொர்க் எஞ்சினியர் என் அக்கா மகள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேனேஜர் எல்லார் முன்னாலும், "ரெண்டு கேபிள் எதுக்கும்மா? இந்த மாசத்தோட நீ கிளம்பிடு" என்றார்.

கேபிள் இழுப்பதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா? நான் பக்கத்தில் நின்றும் அவள் அழுதாள். சே.

"கேபிளைப் புடுங்கினது யாரு?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

"எலி சார். பூனை சைஸ். என் கண்ணால பார்த்தேன்."

"எலியா?"

"எலியேதான் சார்."

என்னைப் பார்த்தார், குனிந்து தன் காலைப் பார்த்தார். "ஆமா, எலியாத்தான் இருக்கும்" என்றார். உடனே குரல் இறங்கியது: "சரிம்மா, இதுக்கு என்ன வழி?"

மார்ச் 4

அவள் எனக்கு விளக்கினாள். "கிடங்குல இருக்கிற ரவுட்டர் நம்ம ரவுட்டரை ஒரு போர்ட்டோட, அதான் ஒரு கேபிள் சொருகுற ஓட்டையோட, முகவரியிலதான் கூப்பிடுது மாமா. அந்த போர்ட் செத்தா பேச்சே நின்னுடும். லூப்பேக்னு ஒரு முகவரி இருக்கு, அது எந்த போர்ட்டையும் நம்பி இல்ல. ரவுட்டர் பெட்டி உயிரோட இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும். எந்த கேபிள் வழியாவும் வந்து சேரலாம்."

நான் எட்டாம் வகுப்பிலேயே யோசித்த விஷயம்.

மார்ச் 5

முகவரியை லூப்பேக்குக்கு மாற்றினாள். ரவுட்டர்கள் பேசவே இல்லை. போச்சா?

"இங்க மட்டும் மாத்திட்டேன் மாமா! கிடங்கு ரவுட்டரையும் லூப்பேக்ல இருந்தே பேசச் சொல்லணும்."

"அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்."

"எடுத்தீங்க, எடுத்தீங்க."

மார்ச் 7

மேனேஜர் முன்னால் சோதனை. நானே கேபிளைப் பிடுங்கினேன். ஒரு லாரிகூட நிற்கவில்லை! அவள் வேலை நிரந்தரம். கேன்டீனில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எலி இப்போது ஆட்டுக்குட்டி அளவு.

மார்ச் 10

மேனேஜர் பெரிய எலிப்பொறி ஒன்று வாங்கி, என் கையிலேயே கொடுத்தார். முகத்தில் சிரிப்பில்லை.

இங்கே எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்? எலி கிடையாது. அன்று கேபிளில் மாட்டியது அவருடைய கறுப்பு ஷூ. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.