மனத்துக்குள் வைத்த பாதி

நாக்பிரேக்,
பாலினா அருகில்,
அக்டோபர் 9

அன்புள்ள கோல்மனுக்கு,

எனக்குக் கண் மங்கிவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். மங்கவில்லை. செப்டம்பரில் சோதித்தார்கள், கடைசி வரிவரை படித்தேன். பள்ளிக்கூட வளைவில் தொண்ணூற்றேழு கிலோமீட்டர் வேகத்தில் போனேன் என்றும் சொல்கிறார்கள். அந்த வளைவில் நான் ஒருநாளும் ஐம்பதைத் தாண்டியதில்லை. இதை உனக்கு எழுதத் தேவையில்லைதான். அன்றைக்கு என் வண்டியை ஓட்டியவன் நீ. ஆனாலும் எங்காவது ஒரு தாளில் இது இருக்க வேண்டும்.

இங்கே ஒன்பது நாளாக மழை விடவில்லை. பின்பக்கத்து வேலி சாய்ந்திருக்கிறது. உன் சித்தி கார்மலுக்கு வலக்கை இன்னும் அசையவில்லை. முதியோர் இல்லத்துப் பெண்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். நான் போய் உருளைக்கிழங்கை மசித்து, வெண்ணெய் போட்டுக் கொடுத்தால் பாதிக் கிண்ணம் சாப்பிடுகிறாள். தினமும் முப்பது கிலோமீட்டர் போகிறேன். அந்த ஊருக்குப் பேருந்து வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

ஆகஸ்டில் உன் அப்பாவின் நினைவுத் திருப்பலிக்கு நீ வந்தாய். உன் வண்டி பழுதுபார்க்கும் கடையில் நின்றது. மதிய உணவுக்கு ஒயின் போதாது என்று என் வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். நான் பிரைடி மங்கனோடு அவள் காரில் கோவிலுக்குப் போய்ப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். திருப்பலி தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து நீ உள்ளே வந்தாய். வேகத்தைப் படமெடுக்கும் வேன் வளைவில் நின்றிருந்தது யாருக்கும் தெரியாது.

வண்டி என் பெயரில் இருப்பதால் அபராதத் தாள் எனக்கு வந்தது. ஓட்டியவர் வேறொருவர் என்றால் இருபத்தெட்டு நாளுக்குள் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மா, என் லைசென்ஸ்ல ஏற்கெனவே ஒன்பது அபராதப் புள்ளி இருக்கு. இன்னும் மூணு விழுந்தா ஆறு மாசம் வண்டியத் தொட முடியாது, வேலையும் போயிடும். உனக்குத்தான் ஒரு புள்ளிகூட இல்லையே. பேசாம விட்டுடேன்." நான் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். நீ சிரித்தாய். "பொய்யே வேணாம்மா. உங்க கன்னியர் மடத்துல கத்துக்குடுத்தாங்களே, பாதியச் சொல்லிட்டு மீதிய மனசுக்குள்ள வெச்சுக்கறது, அதைப் பண்ணு."

கற்றுக்கொடுத்தார்கள், உண்மைதான். வாசலில் வேண்டாத ஆள் வந்து மடத்துத் தாய் இருக்கிறாரா என்று கேட்டால், "இல்லை" என்று வாயால் சொல்லி, "உங்களைப் பார்க்க" என்று மனத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். அது பொய்யில் சேராது என்பார்கள். பதினான்கு வயதில் எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

அபராதத்தைக் கட்டினால் ஓட்டியது நான் என்று ஒப்புக்கொண்டதாகும். உன் பெயரை எழுதினால் உன் வேலை போகும். இரண்டும் செய்யாமல் தாளை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அது என் தவறு, உன்னுடையது அல்ல. நாள் கடந்தது. நீதிமன்ற அழைப்பாணையோடு இளம் காவலர் டூஹி வந்தார். "வண்டி உங்களுதுதானே, மிஸஸ் லாஃப்டஸ்?" என்றார். என்னுடையதுதான் என்றேன். "அன்னிக்குக் காலைல அந்த வளைவு வழியாப் போனீங்களா?" போனேன் என்றேன். 'பிரைடியின் காரில்' என்பதை மனத்துக்குள் வைத்துக்கொண்டேன். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

நவம்பர் பன்னிரண்டில் வழக்கு. அதற்குள் என் கார் காப்பீடு இந்த மாதம் முப்பத்தொன்றோடு முடிகிறது. திங்கட்கிழமை முகவர் ஃபினோலா டர்க்கன் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவள் கேள்விகளைப் படித்துப் படித்துக் கணினியில் தட்டிக்கொண்டே வந்தாள். "உங்க மேல வழக்கு ஏதாவது நிலுவையில இருக்கான்னு கேக்குது. உங்களையா கேக்கறாங்க! இல்லைன்னு போட்டுடவா?"

இதற்கும் நீ முன்பே பதில் சொல்லிக்கொடுத்திருந்தாய்: "தீர்ப்பு வராம எப்படிம்மா குற்றமாகும்? இல்லைன்னு போடு." ஆனால் அந்தக் கேள்வி தீர்ப்பைக் கேட்கவில்லை, கோல்மன். நிலுவையைக் கேட்டது. ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். மீதியை வைத்துக்கொள்ள இடமே இல்லை. இருக்கிறது என்றேன்.

அவள் விரல் நின்றுவிட்டது. "ஓட்டினது நீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் கையுறைகளை மடியில் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

மூன்று நிறுவனங்கள் என்னை ஏற்க மறுத்துவிட்டன. எழுபத்தொன்பது வயது, பள்ளிக்கூட வாசலில் அந்த வேகம், முடியாத வழக்கு. நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் மறுத்திருப்பேன். நேற்று ஃபினோலா கூப்பிட்டாள். "ஓட்டினவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நான் திரும்பவும் கேட்டுப் பாக்கறேன், மிஸஸ் லாஃப்டஸ். இல்லேன்னா முப்பத்தொண்ணுக்கு அப்புறம் சாவியக்கூடத் தொடாதீங்க." யார் ஓட்டியது என்று அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

இதுவரைக்கும் எழுதியதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இன்று காலை பிரைடி சமையலறைக்கு வந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "இன்னும் எத்தன நாளு வாயத் தெறக்காம இருக்கப்போற, டிம்ப்னா? ஒம் மகன் எங்க வீட்டுப் பையன்கிட்டப் போன்ல என்ன சொன்னான் தெரியுமா? 'அம்மா ரோட்டுல ஓட்டறதே ஆபத்து, கண்ணு போச்சு, சாவிய வாங்கி வெக்கணும்'னு. நீ என் பக்கத்துல பூக்கூடைய மடில வெச்சுட்டு உக்காந்திருந்த. நானும் குருடியா?"

அவளுக்குத் தேநீர் ஊற்றினேன். நீ ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருப்பாய் என்றேன். அவள் போன பிறகு, ஊர்ப்பேச்சு எங்கே தொடங்கியது என்று உட்கார்ந்து யோசித்தேன். நான் உன் வேலைக்காக வாயை மூடினேன். அந்த மௌனத்தை நீ என் கண்ணுக்கும் வயதுக்கும் எதிராகச் சாட்சியாக்கியிருக்கிறாய். நீ உன் அப்பாவைப் போல இருப்பாய் என்று நினைத்திருந்தேன். அவர் திருடியிருந்தால்கூட முதலில் வந்து சொல்லியிருப்பார்.

நீதிமன்றத்தில் வேதாகமத்தில் கை வைத்துக் கேட்பார்கள். என்ன சொல்லப்போகிறேன் என்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரிந்திருக்கும். பிரைடி சாட்சிக்கு வரத் தயாராக இருக்கிறாள். ஆனால் கூண்டில் நின்று மகனின் பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுத்த தாய் என்று அந்த அறையிலிருந்து வெளியே வர நான் விரும்பவில்லை. நீ முந்திக்கொள்வாய் என்று இன்னும் எதிர்பார்க்கிறேன். வேலை போனால் இந்த வீட்டில் உன் அறை இருக்கிறது. படுக்கையை உலர வைத்திருக்கிறேன்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி. உனக்கும்தான். உன்னை ஆண்டவர் நேர்மையில் காக்கட்டும்.

தொலைபேசியில் கூப்பிடாதே, நான் எடுக்க மாட்டேன். அந்த நாளில் ஓட்டியது யார் என்பதை உன் கையால் எழுதி, கையெழுத்திட்டு, இருபத்தைந்தாம் தேதிக்குள் என் கையில் கிடைக்கும்படி அஞ்சலில் பதில் அனுப்பு.

உன் தாய்,
டிம்ப்னா லாஃப்டஸ்