மாப்ள பார்த்தது போதும்

மே 5, திங்கள்

பிளஸ் ஒன் முடிந்து லீவு. வீட்டுக்குள் புதிதாக ஒரு ஒட்டுப்பார்க்கும் ஆசாமி வந்திருக்கிறான்.

அஸ்வினி அக்காவுக்குக் கம்பெனியே கம்ப்யூட்டர் அனுப்பியிருக்கிறது. சென்னை கம்பெனி. அவர்கள் போடுகிற தமிழ்ப் புத்தகங்களை வீட்டிலிருந்தே படித்துப் பிழை திருத்த வேண்டும். கூடவே தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டி. கம்ப்யூட்டரிலிருந்து கிளம்புகிற வயர் இதற்குள் நுழைந்து, அந்தப் பக்கமாக வெளியேறி மானிட்டருக்குப் போகிறது. அடிக்கடி ஒரு நீல விளக்கு கண்ணடிக்கும். கண்ணடித்தால் திரையில் இருப்பதைப் படம் பிடித்து ஆபீசுக்கு அனுப்பிவிட்டது என்று அர்த்தம்.

"திரை அசையாம இருந்துச்சுன்னா 'சும்மா இருந்த நேரம்'னு எழுதிரும்டா சோணை. கிட்ட வராத."

பொட்டிக்குப் பெயர் வைத்துவிட்டேன். பார்த்தசாரதி. எல்லாவற்றையும் பார்த்த சாரதி.

(அவளுக்கு மட்டும் அஸ்வினி. எனக்குக் குலசாமி பெயர். இதைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுதுவேன்.)

மே 7, புதன்

அக்கா வேலை பார்க்கிறாள். அவள் பார்ப்பதைப் பொட்டி பார்க்கிறது. பொட்டி பார்ப்பதை நான் பார்க்கிறேன். என்னை அம்மா பார்த்தால் வேலை வைக்கும்.

மே 9, வெள்ளி

விஷயம் விளையாட்டில்லை போலிருக்கிறது. இந்த மாதத்தோடு அக்காவின் சோதனைக்காலம் முடிகிறது. அப்பா லேத் பட்டறையிலிருந்து வந்து, கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே மறுபடியும் சொன்னார்:

"வேலை நிரந்தரமாச்சுன்னா ரெண்டு வருசத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். ஆகலேன்னு வையி, கொட்டாம்பட்டித் தரகரு சிவனாண்டி அண்ணன் கொண்டாற மாப்ளயப் பாக்கணும். பேச்சு மாறப்படாது."

அக்கா தலையாட்டினாள். மதியம் வலது கையில் மவுஸ், இடது கையில் ஸ்பூன். தயிர்சாதத்தை ஸ்பூனில் தின்ற முதல் அவனியாபுரத்துக்காரி.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். அக்கா நாற்காலியை விட்டு இறங்கவில்லை. கம்பெனிக்குச் சென்னை லீவுதான் லீவு.

அப்பாவும் அம்மாவும் ஆற்றுக்குப் போனவர்கள் கூட்டத்தில் மாட்டி வரவில்லை. சாதம் ஆறிக் கிடந்தது. பெல் அடித்தது — தண்ணீர் கேன்காரர். "டேய், சும்மா மவுச மட்டும் ஆட்டிக்கிட்டிரு, வாரேன்" என்று ஓடினாள்.

ஆட்டினேன். சும்மா ஆட்டுவதில் என்ன இருக்கிறது? நோட்பேடைத் திறந்து, அந்தப் பக்கம் உட்கார்ந்து படம் பார்க்கிற ஆளுக்குப் பெரிய எழுத்தில் ஒரு வரி அடித்தேன். அவன் சாப்பிடப் போனாலாவது இவள் சாப்பிடுவாள் அல்லவா.

"மாப்ள பார்த்தது போதும் எந்திரிச்சு சாப்பிடப் போ"

பார்த்தசாரதி கண்ணடித்தது. அழித்துவிட்டேன். அக்காவுக்குத் தெரியாது. சிரிப்பை அடக்கத்தான் கஷ்டம்.

மே 14, புதன்

சிரிப்பு போய்விட்டது.

அக்காவுக்கு மெயில். "வேலை நேரத்தில் சொந்தமாக வரன் தேடல். படம் இணைக்கப்பட்டுள்ளது. வெள்ளிக்கிழமை விளக்கம் தரவும். நிரந்தர ஆணை நிறுத்திவைக்கப்படுகிறது." இணைத்த படத்தில் என் வரி.

ஐயோ. ஒரு கமா. 'மாப்ள' என்று எழுதி ஒரு கமா போட்டிருந்தால் அது கூப்பிடுவது. போடாததால் அக்கா ஊரெல்லாம் மாப்பிள்ளை பார்த்து அலுத்து எழுந்தவள் ஆகிவிட்டாள். நாள் முழுக்க அடுத்தவர் விட்ட கமாவைப் போடுவதுதான் அவள் வேலை. அவள் திரையில் நான் ஒன்றை விட்டிருக்கிறேன்.

"நீதானே?" என்றாள். ஆமாம் என்றேன். அடிப்பாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்ல?

மே 15, வியாழன்

அம்மா மெயிலை வாசிக்கச் சொன்னது. வாசித்தேன். 'வரன் தேடல்' என்றதும் அப்பா எழுந்தே விட்டார்.

"புள்ள தானாவே தேட ஆரம்பிச்சிருச்சா! எங்கிட்டச் சொல்ல கூச்சம் போல."

"அப்பா, அது நான் அடிச்சதுப்பா" என்றேன்.

"போடா, அக்காவுக்கு முட்டுக் குடுக்க வந்துட்டான். படமே புடிச்சிருக்குல்ல? மனுசன் பொய் சொல்லுவான், பொட்டி சொல்லுமா?"

சொல்லாது. நான் சொன்னால் பொய், அது காட்டினால் நிஜம். இத்தனை நாள் அடித்த குறும்புக்கெல்லாம் மொத்தமாக வட்டி.

உடனே கொட்டாம்பட்டிக்கு போன். "சிவனாண்டிண்ணே, அந்தப் பையன் வீட்டாள்கள ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாங்கண்ணே."

மே 16, வெள்ளி

உண்மையைச் சொன்னால் இன்னொரு குழி. கம்பெனி கம்ப்யூட்டரை வேறு யாரும் தொடக்கூடாது என்பது விதி. அக்கா, "நீ வராத, நானே ஏதாச்சும் சொல்லிக்கிறேன்" என்றாள். வீடியோவில் அக்காவின் மேலதிகாரி தாமரைச்செல்வி மேடம் வந்ததும் நான் நடுவில் தலையை நீட்டிவிட்டேன்.

"மேடம், அடிச்சது நான். மவுச ஆட்டச் சொன்னதுதான் அக்கா. அதுவும் கேன்காரருக்குக் கதவு தெறக்க. மத்ததெல்லாம் நான்."

"வரன் தேடினதும் நீயா?"

"அது வரன் இல்ல மேடம். எங்க ஊர்ல சிநேகிதன மாப்ளன்னுதான் கூப்புடுவோம். கமா விட்டுப்போச்சு."

"யாரை மாப்ளன்னு கூப்பிட்ட?"

"அந்தப் படத்தையெல்லாம் பாக்குறவர..."

மேடம் கேமராவுக்குக் கிட்ட வந்தார்.

"அந்தப் படத்தையெல்லாம் பாக்குறது நான்தாம்பா."

தரை பிளக்கவில்லை. பிளக்குமென்று எதிர்பார்த்தேன்.

"எதுக்கு எழுந்து போகச் சொன்ன என்னை?"

"நீங்க போனா இவ சாப்புடுவான்னுதான் மேடம். பாத்துக்கிட்டே இருந்தா எந்திரிக்கவே மாட்டேங்குறா."

மேடம் சிரிக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

மே 18, ஞாயிறு

மாப்ள வந்தார். கமா தேவைப்படாத, நிஜ மாப்ள. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், பஜ்ஜியை எண்ணெய் பிழிந்து சாப்பிட்டார். அக்கா முகம் அணைத்துவைத்த மானிட்டர்.

சிவனாண்டி அண்ணன் படியிறங்கும்போது, "செவ்வாக்கெழம முடிவு சொல்லிருங்கப்பா" என்றார். அவருக்கும் செவ்வாய்தான் கிடைத்ததா?

மே 19, திங்கள்

கிண்டல் பண்ண ஒன்றுமே தோன்றவில்லை. காய்ச்சலா என்று அம்மா தொட்டுப் பார்த்தது.

மே 20, செவ்வாய்

காலையில் ஒன்றும் வரவில்லை. அப்பா பட்டறைக்குப் போகாமல் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதியம் அக்காவின் திரையில் 'டிங்' என்றது. நானும் எட்டிப் பார்த்தேன், தடுக்கவில்லை.

"அஸ்வினி, பார்த்தது போதும், எந்திரிச்சு சாப்பிடப் போ. ஆணை மெயிலில் வந்திருக்கிறது. இனி மதியச் சாப்பாட்டு நேரம் 'சும்மா' கணக்கில் வராது, எல்லாருக்கும்தான். கம்ப்யூட்டரை வேறு யாரும் தொடக்கூடாது, மாப்ள."

கடைசி வார்த்தை எனக்கு.

அக்கா இரண்டு தடவை படித்தாள். கண் ஒவ்வொரு கமாவிலும் நின்று நின்று போனது. பிறகு அப்பாவிடம் ஆணையைக் காட்டினாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக் கடைசி வரி வரைக்கும் படித்தார். "பேச்சு பேச்சுதான்" என்று எழுந்து வாசலுக்குப் போய், "சிவனாண்டிண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க..." என்று போனில் ஆரம்பித்தார்.

அக்கா மானிட்டரை அணைத்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிட்டாள். என் தட்டிலிருந்த அப்பளத்தையும் எடுத்துக்கொண்டாள். இன்னொன்றை நானே எடுத்து வைத்தேன்.

மேசைக்குப் பின்னால் பார்த்தசாரதி ஒருமுறை கண்ணடித்தது. பாவம், பார்க்க ஒன்றுமில்லை.