ஏமஸுக்கு ஒரு சாட்சி

ஓஹயோ,
1851 பிப்ரவரி 3

வாஷிங்டனில் இருக்கும் என் அன்புக் கணவர் லியாண்டருக்கு,

தியோடோசியா எழுதுவது. இங்கே பிள்ளைகள் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? கம்பளி உள்சட்டையைப் போடுகிறீர்களா, இல்லை காங்கிரஸ் சபைக்காரர்கள் சிரிப்பார்கள் என்று பெட்டியிலேயே கிடக்கிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் முடிதிருத்துபவர் ஏமஸைச் சனிக்கிழமை பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கடையில் வைத்தே, பாதிச் சவரத்தில். அவருடைய பழைய எஜமானரின் அண்ணன் மகன் கென்டக்கியிலிருந்து வந்து, இவர் தப்பி ஓடிய அடிமை என்று சத்தியம் செய்திருக்கிறான். போன செப்டம்பரில் நீங்கள் வோட்டுப் போட்ட சட்டப்படி அது போதுமாம். ஏமஸ் தன் பக்கத்தைச் சொல்ல வாயே திறக்கக் கூடாதாம்.

ஷெரிஃபிடம் சண்டைக்குப் போனேன். மனுஷன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "எனக்கு மட்டும் இது பிடிச்சிருக்காம்மா? சட்டம் போட்டது உங்க வீட்டுக்காரர்தானே, அவரைப் போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஏமஸின் விடுதலைப் பத்திரத்தை உங்கள் ஆபீசில்தானே எழுதினீர்கள்? எஜமானர் கையெழுத்துப் போட்டார், நீங்கள் சாட்சி. பத்திரம் நீதிமன்றத்தோடு எரிந்துபோயிற்று. எஜமானரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

அடிமை வைத்திருக்கும் தெற்கத்திக்காரர்களின் தயவில்லாமல் மந்திரி பதவி வராது என்று எழுதியிருந்தீர்கள். உங்களை மட்டும் குறை சொல்லி என்ன? வக்கீலாகவே இருந்துவிடுகிறேன் என்றவரை, பயந்தாங்கொள்ளி என்று கேலி பண்ணித் தேர்தலில் நிற்கவைத்தவள் நான். இந்தச் சட்டம் நம் ஊரில் யாரையும் தொடாது என்றீர்கள். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. அதை நினைத்தால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஏமஸின் மனைவி டார்க்கஸ் நம் சமையலறையில் இருக்கிறாள். "ஐயாவுக்கு எழுதிட்டீங்களாம்மா?" என்று காலையில் ஒரு தரம் கேட்டாள், அவ்வளவுதான். யார் போட்ட சட்டம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நமக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள்.

விசாரணை இருபதாம் தேதி. எழுதி அனுப்பும் சத்தியத்தை ஏற்க மாட்டாராம் வழக்கை விசாரிக்கும் ஆணையர், ஆளே வரவேண்டுமாம். இதைப் பார்த்த அன்றே கிளம்பினால் வந்துவிடலாம்.

கடவுள் உங்களுக்கு வழித்துணையாக இருக்கட்டும். வருவதானால் பதில் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். வராவிட்டால், தயவுசெய்து காரணத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் நன்றாக வாதாடுவீர்கள். நான் மறுபடியும் நம்பிவிடுவேன்.

உங்கள்
தியோடோசியா