போணிக்கு முன் வந்த பார்சல்

ஜூன் 30, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பட்டறைக் கூரை அதே மூலையில் ஒழுகல். தோல் சுருள் எல்லாம் பரண் மேலே ஏற்றியாயிற்று. வாங்க: பசை, ஜிப், பிளாஸ்டிக் ஷீட், வெங்காயம்.

மகள் பிரியாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. இவர் செய்தித்தாளைத் தவிர எதையும் திறக்க மாட்டார். ஆகவே இந்த டைரியில் தைரியமாகத் திட்டி எழுதலாம்.

பத்து மணிக்குக் கூரியர் அண்ணன் வந்தார், சீத்தா கேம்ப் ஏரியாக்காரர். ஆன்லைனில் விற்ற கைப்பை ஒன்று. வாங்கியவருக்கு நிறம் பிடிக்கவில்லையாம், திருப்பி அனுப்பிவிட்டார். இவர் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"இன்னும் போணி ஆவல. வெளக்கு பொருத்துன கையோட திரும்பி வந்த சரக்க உள்ள எடுக்கச் சொல்லுதியா? நாள் வெளங்குமா? சாயந்தரம் கொண்டாரச் சொல்லு."

"சேட், என் ரூட்டே காலைலதான்." மழையில் நின்றபடி போனில் எதையோ தட்டிவிட்டு அண்ணன் போய்விட்டார்.

முதல் வியாபாரம் ஆவதற்கு முன் விற்றதைத் திரும்ப வாங்கக் கூடாது. இந்தச் சந்து முழுக்க உள்ள வழக்கம்தான், நானும் மதித்தவள்தான். நேரில் வருகிற ஆள் "சரி சேட்" என்று மாலையில் வருவான். கூரியர் கம்பெனி வருமா?

ஜூலை 1, செவ்வாய்

மழை. பல்வலி.

போனில் செய்தி. பிரியா படித்துச் சொன்னாள்: விற்பவர் பொருளை வாங்க மறுத்தார், இது இரண்டாவது தடவை, மூன்றாவது ஆனால் நம் கடையை ஆப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

இரண்டாவதா? முதல் தடவை நான் பல் டாக்டரைப் பார்க்கத் திலக் நகர் போயிருந்த அன்றாம். மனிதர் மூச்சு விடவில்லை.

நேரில் ஆள் வரத்து நின்று மாதக்கணக்காகிறது. நான்கு மெஷினில் ஒன்றுதான் ஓடுகிறது. அதுவும் போன் ஆர்டரால். அது நின்றால் நான்கும் பழைய சாமான் கடைக்கு. இது இவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதுதான் எரிச்சல்.

"காலைல ஆன்லைன்ல ஆர்டர் வந்தா அது போணி இல்லையா?" என்று கேட்டேன்.

"காசு அடுத்த வாரம் பேங்குக்குப் போவுது. அதுக்குப் பேரு போணியா?"

ஜூலை 2, புதன்

மழை விட்டு விட்டு. ஷீட் வாங்கியாயிற்று, ஜிப் மறந்தது.

பிரியாவை உட்கார வைத்து ஆப்பில் முறையீடு எழுதினோம்.

"மம்மி, போணிய இங்கிலீஷ்ல என்னன்னு போட?"

"சாமி விஷயம்னு போடு."

ஆள் இல்லை, இயந்திரம்தான் உடனே பதில் தந்தது. எங்கள் வருத்தம் அதற்குப் புரிகிறதாம், புகைப்பட ஆதாரம் அனுப்ப வேண்டுமாம். போணி ஆகாததை எப்படிப் படம் பிடிப்பது? காலிக் கல்லாவை எடுத்து அனுப்பினாள். "படம் தெளிவாக இல்லை" என்று வந்தது. சிரிப்பதா அழுவதா.

ஜூலை 3, வியாழன்

அதே பை நாளைக் காலை மறுபடி வருகிறதாம். மறுத்தால் மூன்று. கதை முடிந்தது.

எனக்கு ஒரு யோசனை. அடுத்த பட்டறை பாத்திமா அக்காவிடம் சொல்லி, ஒரு சாவிக்கொத்துத் தோலுக்குப் பத்து ரூபாய் க்யூஆரில் போட வைத்தேன். காசு வந்ததை ஸ்பீக்கர் பெட்டி தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தது.

"இந்தா, போணி ஆயிட்டு. நாளைக்கும் அக்கா போடுவாக. பார்சல எடுத்துக்கலாம்லா?"

"காசு கையில விழணும். கண்ணுல ஒத்தணும். பெட்டி கத்துனா போணியா?"

"அப்ப நீங்களே தெருவுல போயி ஆளப் பிடிச்சுட்டு வாங்க!"

"என்னயக் கேக்காம அத உள்ள எடுத்தா நான் மெஷின்ல உக்கார மாட்டேன், சொல்லிட்டேன்."

மத்தியானம் மீன் குழம்பு. இரண்டு தடவை போட்டுக்கொண்டார். கோபத்திலும் வயிற்றுக்கு வஞ்சனை இல்லை.

ஜூலை 4, வெள்ளி

மழை இல்லை. பாத்திமா அக்காவிடம் நான் மறுபடி காசு போடக் கேட்கவில்லை. இவர் விளக்குப் பொருத்திவிட்டு, மழையில்லாத நாளில் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பத்துக்கு முன்னாலேயே அண்ணன். "அக்கா, வாங்குறீங்களா? இல்ல, மறுபடியும் இன்கார், வாங்க மாட்டேன்னுட்டாங்கன்னு போடட்டா?"

நாலு நாளாக இவரைத் திட்டித் தீர்த்தவள் நான். எனக்கே கை நீளவில்லை. இருபது வருடப் பழக்கம், வாசலில் மரம் மாதிரி நிற்கிறேன். அண்ணன் விரல் போனுக்குப் போகிறது.

பெட்டி கத்தியது. பத்து ரூபாய்.

போனை எடுத்துப் பார்த்தால் இவர் பெயர். இந்த மனிதர் போனில் காசு போட எப்போது படித்தார்? பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். எதிர் டீக்கடையில் முதுகைக் காட்டி நிற்கிறார், கக்கத்தில் குடை, கையில் போன்.

சொந்தப் புருஷன் காசு போணி ஆகுமா? கேட்கப் போவதில்லை. ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கினேன்.

பிரித்துப் பார்த்தேன். நல்ல காபிக் கலர். இதற்கு என்ன குறை?